பேங்க் மெயில் எல்லாம் மறுபடி இன்பாக்ஸில் விழுது: ஜிமெயில் ஃபில்டர், லேபிள் இழை

2025 நவம்பர் 8, காலை 10:20 (கேள்வி)

ஜிமெயில்ல பேங்குக்குன்னே ஆறு ஃபில்டர், ஆறு லேபிள் வச்சிருக்கேன். ஸ்டேட்மெண்ட், டெபிட் அலர்ட், கார்டு பில் எல்லாம் இன்பாக்ஸைத் தொடாம நேரா அந்தந்த லேபிளுக்குப் போயிடும். கொஞ்ச நாளா பாதி மெயில் ஃபில்டரை மதிக்காம இன்பாக்ஸ்லயே வந்து விழுது. நான் எதையும் தொடலை. கூகுள்தான் எதையோ மாத்திட்டாங்கன்னு நினைக்கிறேன். இந்த ஃபில்டரையே நம்ப முடியாது போல. எல்லாத்தையும் அழிச்சுட்டு, தேவைப்படும்போது தேடி எடுத்துக்கலாமா?

நவம்பர் 8, காலை 11:05

அழிக்காதீங்க. ஒரு பழைய மெயிலையும் புது மெயிலையும் திறந்து அனுப்புநர் முகவரியை ஒப்பிட்டுப் பாருங்கள். அட் குறிக்குப் பின்னால் இருப்பது மாறியிருக்கும். புதியதன் வால் ‘பேங்க் டாட் இன்’ என்று முடியும்.

வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31க்குள் இந்த டொமைனுக்கு (இணைய முகவரியின் இந்த வாலுக்கு) மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஏப்ரல் 22ஆம் தேதி சுற்றறிக்கை விட்டது. இணையதளத்தோடு மெயில் அனுப்பும் முகவரியையும் சேர்த்து மாற்றிய வங்கிகள் உண்டு. உங்கள் ஃபில்டரின் ‘ஃப்ரம்’ பெட்டியில் பழைய முகவரி அப்படியே உட்கார்ந்திருக்கிறது. புது முகவரி அதற்கு அறிமுகமில்லாத ஆள், அதனால் விட்டுவிடுகிறது.

நவம்பர் 8, காலை 11:40

சரிசெய்யும் வழி. கட்டளைச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள். கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்துதான் செய்ய வேண்டும். ஃபோன் ஆப்பில் லேபிள் போடலாம், ஃபில்டர் உருவாக்க வழியில்லை.

பல்சக்கரம், ‘சீ ஆல் செட்டிங்ஸ்’, அதில் ‘ஃபில்டர்ஸ் அண்ட் பிளாக்டு அட்ரசஸ்’ தாவல். பழைய ஃபில்டருக்கு எதிரே ‘எடிட்’. ‘ஃப்ரம்’ பெட்டியில் பழைய முகவரிக்குப் பின்னால் ஒரு இடைவெளி, பிறகு ‘ஆர்’ என்ற ஆங்கிலச் சொல், இடைவெளி, புது முகவரி. அந்த ‘ஆர்’ இரண்டு எழுத்தும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். சின்ன எழுத்தில் போட்டால் அதையும் தேட வேண்டிய சொல்லாக எடுத்துக்கொள்ளும், அப்புறம் ஒரு மெயிலும் சிக்காது.

‘கன்டினியூ’ அழுத்தினால் அடுத்த திரையில் வேலைகளின் பட்டியல் வரும். கடைசியில் ‘ஆல்சோ அப்ளை ஃபில்டர்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்யாவிட்டால் இனி வருபவற்றுக்கு மட்டும்தான் ஃபில்டர் ஓடும். கொஞ்ச நாளாக இன்பாக்ஸில் குவிந்தவை அங்கேயே கிடக்கும். ‘சரிபண்ணியும் சரியாகலை’ என்பதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த ஒரு டிக்தான்.

நவம்பர் 8, மதியம் 1:15

இன்னொன்று. ஆறு வங்கிக்கு ஆறு ஃபில்டர் எதற்கு? ஆறும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: லேபிள் ஒட்டு, இன்பாக்ஸிலிருந்து எடு. செய்யும் வேலை ஒன்றாக இருந்தால் ஃபில்டரும் ஒன்றே போதும். ‘ஃப்ரம்’ பெட்டியில் வெறும் ‘பேங்க்.இன்’ போட்டுத் தேடிப் பாருங்கள். ஜிமெயில் முகவரியைப் புள்ளி, அட் குறி இருக்கும் இடங்களில் துண்டாக்கித்தான் படிக்கிறது. அதனால் முன்னால் எந்த வங்கியின் பெயர் இருந்தாலும் சிக்கும். ‘நெவர் செண்ட் இட் டு ஸ்பாம்’ என்பதையும் டிக் செய்துவிடுங்கள், கார்டு பில் ஸ்பாமில் மாட்டாது.

எப்போதும் முதலில் ‘சர்ச்’, பிறகுதான் ‘கிரியேட் ஃபில்டர்’. தேடலில் என்ன வருகிறதோ அதுதான் ஃபில்டர் பிடிக்கப் போவது. முதல் பக்கத்தை மட்டும் பார்த்துத் திருப்திப்படாமல் நாலைந்து பக்கம் தள்ளிப் பாருங்கள்.

நவம்பர் 9, காலை 7:30

நேற்று மதியம் எழுதியதில் ஒரு யோசனை தப்பு. ‘நெவர் செண்ட் இட் டு ஸ்பாம்’ டிக்கை எடுத்துவிடுங்கள். இப்போதே.

‘ஃப்ரம்’ என்பது முகவரியை மட்டும் பார்ப்பதில்லை, முன்னால் காட்டும் பெயரையும் சேர்த்துப் பார்க்கிறது. எவனோ ஒருவன் தன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பேங்க்.இன்’ என்று எழுதி எங்கிருந்தோ அனுப்பினால் அதுவும் இந்த வலையில் விழும். ‘பேங்க்.இன்’ என்று தொடங்கி வேறு எதிலோ முடியும் டொமைனும் பொருந்திவிடலாம். சாதாரணமாக அந்த மோசடி மெயிலை ஸ்பாம் வடிகட்டி பிடித்திருக்கும். நான் சொன்ன டிக் அதன் கையைக் கட்டிவிட்டு, மேலே ‘வங்கி’ என்று லேபிளும் ஒட்டி, மாலை போட்டு வரவேற்கும்.

தளர்வான ஃபில்டரில் லேபிள் ஒட்டலாம். ஸ்பாம் விலக்கு முழு முகவரி எழுதிய தனி ஃபில்டரில் மட்டும் இருக்கட்டும்.

நவம்பர் 9, காலை 7:55

மெயில் உண்மையிலேயே வங்கியிடமிருந்து வந்ததா என்று பார்க்க: மெயிலைத் திறந்து, அனுப்புநர் பெயருக்குக் கீழே ‘டு மீ’ பக்கத்தில் உள்ள குட்டி அம்பை அழுத்துங்கள். சின்னப் பெட்டி விரியும். ஃப்ரம், டு, டேட், சப்ஜெக்ட், அதற்கும் கீழே ‘மெயில்டு பை’, ‘சைன்டு பை’. இந்த ‘சைன்டு பை’ வரியைத்தான் பார்க்க வேண்டும். டிகிம் கையெழுத்து (அனுப்பும் டொமைன் மெயிலில் போடும் மின்னணு முத்திரை) எந்த டொமைனின் பெயரில் போடப்பட்டது என்று அது சொல்கிறது. அங்கே வங்கியின் பெயர், புள்ளி, பேங்க், புள்ளி, இன் என்று முடிந்தால் நல்லது. இன்னும் ஆழமாகப் பார்க்க மூன்று புள்ளி மெனுவில் ‘ஷோ ஒரிஜினல்’. மேலேயே, அனுப்புநரைச் சரிபார்க்கும் சோதனைகளான எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் ‘பாஸ்’ ஆனதா என்று தெரியும்.

புள்ளியைக் கவனியுங்கள். ‘ஏதோபேங்க்.இன்’ என்று ஒட்டி எழுதியது வேறு, ‘ஏதோ.பேங்க்.இன்’ என்பது வேறு. முதலாவது யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய சாதாரண இன் டொமைன். இரண்டாவதை ரிசர்வ் வங்கி நிறுவிய ஐடிஆர்பிடி அமைப்பு வழியாக வங்கிகள் மட்டும்தான் பதிய முடியும். இந்த ஏற்பாடு முழுக்க அந்த ஒரு புள்ளிக்காகத்தான்.

நவம்பர் 9, இரவு 8:10 (கேட்டவர்)

ஆறையும் ஒண்ணாக்கிட்டேன், வேலை செய்யுது. ஆனா டெபிட் அலர்ட்டும் ஸ்டேட்மெண்ட்டும் கலந்து ஒரே லேபிள்ல கெடக்கு. பிரிக்க வழி இருக்கா? அப்புறம், ஃபோன்ல அலர்ட் நோட்டிஃபிகேஷன் வர்றதே நின்னு போச்சே சார்.

நவம்பர் 9, இரவு 9:00

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அலர்ட்டை இன்பாக்ஸிலிருந்து எடுத்திருக்கவே கூடாது.

‘ஸ்கிப் தி இன்பாக்ஸ்’ என்றால் ஆர்க்கைவ். ஜிமெயிலில் இன்பாக்ஸ் என்பதே ஒரு லேபிள்தான், அந்த லேபிளை உரித்துவிடுகிறது, அவ்வளவுதான். மெயில் ‘ஆல் மெயில்’லில் பத்திரமாக இருக்கும், ஆனால் ஃபோன் சத்தம் போடாது. உங்களுக்குத் தெரியாமல் பணம் போனால் உடனே தெரிய வேண்டிய மெயிலை நீங்களே ஓசையில்லாமல் ஒதுக்கியிருக்கிறீர்கள். எஸ்எம்எஸ் வருகிறது, அது போதும் என்றால் சரி. இல்லாவிட்டால் அலர்ட் இன்பாக்ஸில் இருக்கட்டும், லேபிள் மட்டும் ஒட்டுங்கள்.

பிரிக்க வழி: ஸ்டேட்மெண்ட் பிடிஎஃப் இணைப்போடு வரும், அலர்ட் பெரும்பாலும் வெறும் எழுத்து. ‘ஹேஸ் தி வேர்ட்ஸ்’ பெட்டியில் ‘ஃபைல்நேம்:பிடிஎஃப்’ போட்டால் ஸ்டேட்மெண்ட் மட்டும் தனியே வரும். அதே திரையில் ‘ஹேஸ் அட்டாச்மென்ட்’ என்று டிக் செய்யும் கட்டம் இருக்கிறது, அதை நான் நம்புவதில்லை. மெயிலுக்குள் வைத்த லோகோ படங்கள் சில நேரம் இணைப்பாகக் கணக்காகிவிடும்.

ஆக இரண்டு ஃபில்டர். ஒன்று, பேங்க்.இன் எதுவானாலும் ‘பணம்’ லேபிள், இன்பாக்ஸில் இருக்கும். இரண்டு, பேங்க்.இன்னோடு பிடிஎஃப், ‘ஸ்டேட்மெண்ட்’ லேபிள், இன்பாக்ஸைத் தாண்டும். ஸ்டேட்மெண்ட்டுக்கு இரண்டு லேபிளும் ஒட்டும், பரவாயில்லை. ஒரு மெயிலுக்கு மூன்று லேபிள் ஒட்டினாலும் 15 ஜிபி கணக்கில் ஒரு முறைதான் சேரும்.

நவம்பர் 9, இரவு 9:20

விட்டுப்போனது: ஆண்ட்ராய்டில் ஒரு லேபிளுக்கு மட்டும் சத்தம் வைக்கலாம். செட்டிங்ஸ், உங்கள் கணக்கு, ‘மேனேஜ் லேபிள்ஸ்’, அந்த லேபிள். முதலில் சிங்க்கை இயக்கினால்தான் நோட்டிஃபிகேஷன் கட்டத்தைத் தொட முடியும். இப்படிச் செய்தால் இன்பாக்ஸைத் தாண்டிய மெயிலுக்கும் மணி அடிக்கும்.

நவம்பர் 10, காலை 6:50

ஒருவர் கேட்கிறார்: “நான் அவுட்லுக். அங்கே ஒரு ரூலுக்குப் பிறகு நிறுத்தச் சொல்ல முடியும். ஜிமெயிலில் எங்கே?”

கிடையாது. அவுட்லுக்கில் ரூல்கள் (அங்கே ஃபில்டருக்கு அதுதான் பெயர்) மேலிருந்து கீழே வரிசையாக ஓடும், ‘ஸ்டாப் பிராசசிங் மோர் ரூல்ஸ்’ போட்டால் அதோடு நிற்கும். ஜிமெயிலில் பொருந்தும் ஃபில்டர் எல்லாமே வேலை செய்யும். ஒன்று லேபிள் ஒட்டச் சொல்லி, இன்னொன்று அழிக்கச் சொன்னால் லேபிளோடு குப்பைக்குப் போகும். அதனால் விதிவிலக்கை அந்த ஃபில்டருக்குள்ளேயே எழுத வேண்டும். ‘டசன்ட் ஹேவ்’ பெட்டி அதற்குத்தான், அல்லது சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி.

நவம்பர் 10, காலை 7:05

அவுட்லுக்கைப் பற்றி ஒரு பொறாமை மட்டும் உண்டு. அவுட்லுக் டாட் காமில் ‘ஸ்வீப்’ இருக்கிறது. இன்னாரிடமிருந்து வருவதில் கடைசி மெயிலை மட்டும் வை, அல்லது 10 நாளுக்கு மேலானதை அழி என்று சொல்லிவிடலாம். ஜிமெயில் ஃபில்டரால் இது முடியாது, மெயில் வந்து சேரும் அந்த ஒரு கணத்தில்தான் அது ஓடும். ‘ஓல்டர்_தேன்:30டி’ என்று ஃபில்டரில் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். வந்து சேரும்போது எந்த மெயிலுக்கும் 30 நாள் வயசாகியிருக்காதே. ஃபில்டர் சும்மா உட்கார்ந்திருக்கும்.

லேபிள், இன், இஸ் வகைக் கட்டளைகளும் இப்படித்தான். ‘லேபிள்:பணம்’ என்று நிபந்தனை வைத்து இன்னொரு ஃபில்டர் கட்ட நினைத்தால் ஜிமெயிலே எச்சரிக்கை காட்டும். அதை ‘ஓகே’ அழுத்தித் தாண்டாதீர்கள்.

நவம்பர் 10, மதியம் 12:30

ஓடிபி மெயிலை என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். வரும்போது எதுவும் செய்யக் கூடாது. எங்கே போச்சு என்று தேடுவதற்குள் நேரம் முடிந்துவிடும். ‘கழிவு’ என்று ஒரு லேபிள் மட்டும் ஒட்டுங்கள், இன்பாக்ஸில் தெரியட்டும். மாதம் ஒரு முறை ‘லேபிள்:கழிவு ஓல்டர்_தேன்:7டி’ என்று தேடி மொத்தமாக அழியுங்கள்.

மேலே உள்ள கட்டத்தை டிக் செய்தால் அந்தப் பக்கத்தில் தெரியும் 50 மட்டும் தேர்வாகும். அதற்குக் கீழே ‘செலக்ட் ஆல் கான்வர்சேஷன்ஸ் தட் மேட்ச் திஸ் சர்ச்’ என்று ஒரு வரி வரும். அதையும் அழுத்தினால்தான் மொத்தமும் தேர்வாகும். அழித்தது 30 நாள் குப்பையில் இருக்கும்.

கையால் செய்ய அலுப்பு என்றால் கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்ட். இதே தேடலைச் செய்து, கிடைத்த உரையாடல்களைக் குப்பைக்கு அனுப்பும் நாலு வரி, தினம் ஒரு முறை அதைத் தானாக ஓட வைக்க ஒரு டைம் டிரிகர். மொத்தமாக அனுப்பும் கட்டளை ஒரு தடவைக்கு 100 உரையாடல்தான் ஏற்கும். முதல் நாளில் 3,000 இருந்தால் பிழை காட்டி நின்றுவிடும், நூறு நூறாக வெட்டி அனுப்ப எழுதுங்கள்.

நவம்பர் 10, மதியம் 12:50

மேலே சொன்னதற்கு ஒரு முட்டுக்கட்டை. ஒரே சப்ஜெக்ட்டோடு வரும் தானியங்கி மெயில்களை ஜிமெயில் ஒரே உரையாடலாக அடுக்கும். பட்டியல் பக்கத்தில் நின்று ஒன்றை அழித்தால் அடுக்கு மொத்தமும் போகும். தேடலில் 7 நாளுக்கு மேலானது என்று போட்டாலும், அதே அடுக்கில் நேற்றைய மெயில் இருந்தால் அதுவும் சேர்ந்து போகும். ஓடிபிக்கு இது பிரச்சினையில்லை. டெபிட் அலர்ட்டில் இதைச் செய்யாதீர்கள்.

அடுக்கே வேண்டாம் என்றால் செட்டிங்ஸில் ‘கான்வர்சேஷன் வியூ’வை அணைக்கலாம். மெயில் அதிகம் வரும் பெட்டிக்கு அதுதான் நல்லது என்பது என் கட்சி. எதிர்க்கட்சிக்காரர்கள் நிறைய, தெரியும்.

நவம்பர் 10, இரவு 10:15

லேபிள்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன், ஏனென்றால் கேள்வியின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அனுப்புநர் பெயரில் லேபிள் வைப்பது வீண். யார் அனுப்பியது என்பது மெயிலிலேயே இருக்கிறது, தேடினால் ஒரு நொடியில் வரும். மெயிலில் எழுதியில்லாத ஒன்றை எழுதி வைக்கத்தான் லேபிள்: இது வருமான வரிக்கு வேண்டும், இதற்குப் பதில் வரக் காத்திருக்கிறேன், இது வீட்டுப் பத்திரம் சம்பந்தப்பட்டது. ஐந்து வேறு வேறு இடத்திலிருந்து வந்தாலும் ஒரு வேலைக்காகச் சேர்த்துப் பார்க்க வேண்டியவை.

ஃபில்டருக்கும் அனுப்புநர் முகவரிதான் ரொம்பப் பலவீனமான பிடி. அது அவர்கள் கையில் இருக்கிறது, சொல்லாமல் மாற்றுவார்கள், உங்கள் ஆறு ஃபில்டரும் ஒரே மாதத்தில் செத்தது அதனால்தான். இதைவிட உறுதியான பிடிகள் உண்டு.

முதலாவது, உங்கள் சொந்த முகவரி. ஜிமெயில் பெயருக்குப் பின்னால் கூட்டல் குறி போட்டு எதை எழுதினாலும் உங்களுக்கே வந்து சேரும். மின்சார பில்லுக்கு ‘பெயர்+மின்சாரம்’ என்று ஆங்கிலத்தில் கொடுத்தால், ‘டு’ பெட்டியில் அதை வைத்து ஃபில்டர் போடலாம். அவர்கள் எந்த முகவரியிலிருந்து அனுப்பினாலும் சிக்கும். குறை: கூட்டல் குறியைப் பார்த்ததும் ‘தவறான முகவரி’ என்று சிவப்பில் கத்தும் படிவங்கள் நம் ஊரில் ஏராளம்.

இரண்டாவது, செய்தி மடல் வகைக்கு லிஸ்ட் ஐடி, அதாவது அந்த மடல் பட்டியலின் அடையாளப் பெயர். அந்தக் குட்டி அம்புப் பெட்டியிலேயே ‘மெயிலிங் லிஸ்ட்’ என்று ஒரு வரி இருக்கும், பக்கத்தில் ‘ஃபில்டர் மெசேஜஸ் ஃப்ரம் திஸ் மெயிலிங் லிஸ்ட்’. அழுத்தினால் ‘லிஸ்ட்:’ கட்டளையை அதுவே நிரப்பித் தரும். அனுப்புநர் பெயர் வாரா வாரம் மாறினாலும் லிஸ்ட் ஐடி பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

நவம்பர் 11, காலை 6:40

நேற்றைய குறிப்புக்குச் சின்னத் திருத்தம். செய்தி மடலுக்கு ஃபில்டர் போடும் முன் ‘அன்சப்ஸ்கிரைப்’ அழுத்துங்கள். படிக்காத மடலை லேபிள் போட்டுச் சேர்த்து வைப்பது கட்டிலுக்கு அடியில் குப்பையைத் தள்ளுவது போலத்தான். ஒரு நாளில் 5,000க்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புபவர்கள் ஒரே அழுத்தலில் விலக வசதி தர வேண்டும் என்று கூகுள் 2024இல் விதி கொண்டுவந்தது. சப்ஜெக்ட்டுக்குக் கீழே அனுப்புநர் பெயர் பக்கத்திலேயே அந்தச் சுட்டி தெரியும். முன்பின் தெரியாத ஸ்பாமுக்கு இதைச் செய்யாதீர்கள், ‘ரிப்போர்ட் ஸ்பாம்’ போதும்.

நவம்பர் 11, காலை 8:25

“மெயிலின் உடம்பில் அன்சப்ஸ்கிரைப் என்ற சொல் இருந்தால் ஒதுக்கு, ஒரே ஃபில்டரில் வேலை முடிந்தது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பழைய வித்தை. விளம்பரத்தில் பத்துக்கு ஒன்பதைப் பிடிக்கும், உண்மை. கூடவே வேலைக்கு விண்ணப்பித்த இடத்தின் பதில், பள்ளி அறிவிப்பு, அடியில் அந்தச் சொல் இருக்கிற எல்லாமும் போகும். நண்பர் ஒரு மடலை உங்களுக்கு ஃபார்வர்டு செய்து மேலே ரெண்டு வரி எழுதியிருந்தால் அதுவும் போகும். போடுவதானால் ‘மார்க் அஸ் ரெட்’ போடாதீர்கள். படிக்காதது தடித்த எழுத்தில் நிற்பதுதான் உங்களுக்கு மிச்சமிருக்கும் ஒரே தடயம்.

நவம்பர் 11, இரவு 9:30 (கேட்டவர்)

லேபிள் எல்லாம் கலைச்சு புதுசா அடுக்கறேன். ‘வரி’ன்னு ஒண்ணு, அதுக்குள்ள 2023-24, 2024-25, 2025-26ன்னு மூணு. ‘வரி’யைக் கிளிக் பண்ணினா உள்ள ஒண்ணுமே காட்ட மாட்டேங்குது. மெயில் எல்லாம் காணாம போச்சா?

நவம்பர் 11, இரவு 9:45

காணாமல் போகவில்லை. ஜிமெயிலில் தாய் லேபிள் ஒரு அலமாரி இல்லை. ‘வரி’ என்று நேரடியாக ஒட்டியிருந்தால்தான் ‘வரி’யில் தெரியும். உள்ளே இருப்பதாகத் தோன்றுவது பெயரில் சாய்கோடு போட்ட தனி லேபிள், அவ்வளவுதான். சேய் லேபிள் ஒட்டும் ஃபில்டரில் இரண்டாவது வேலை சேர்க்க இடமில்லை, ஒரு ஃபில்டருக்கு ஒரு லேபிள்தான். தாயிலும் தெரிய வேண்டுமானால் அதே நிபந்தனையோடு இன்னொரு ஃபில்டர் போட வேண்டும்.

ஆனால் எதற்கு இந்தப் பாடு? ஆண்டு லேபிளே தேவையில்லை. ஃபில்டர் தானாக ஏப்ரல் 1ஆம் தேதி ஆண்டை மாற்றாது, நீங்கள் மறந்துவிடுவீர்கள், புது ஆண்டின் ஃபார்ம் 16 பழைய ஆண்டுக்குள் போய் உட்காரும். ‘வரி’ ஒன்று மட்டும் வையுங்கள். தாக்கல் செய்யும்போது ‘லேபிள்:வரி ஆஃப்டர்:2025/04/01 பிஃபோர்:2026/04/01’ என்று தேடினால் அந்த நிதியாண்டில் வந்தது மட்டும் நிற்கும். ஃபார்ம் 16 நிதியாண்டு முடிந்த பிறகுதான் வரும், அதனால் அதைத் தேடும்போது பின் தேதியை ஜூலைக்குத் தள்ளிக்கொள்ளுங்கள்.

நவம்பர் 12, காலை 7:10

தமிழ்ப் பெயரில் லேபிள் வைக்கலாம், ஒரு சிக்கலும் இல்லை. தமிழ்ச் சொல்லை வைத்து ஃபில்டர் போடுவதில்தான் சிக்கல். ஜிமெயில் சொல்லை முழுசாகத்தான் பொருத்தும், பாதியைப் பிடிக்காது, நட்சத்திரக் குறி போட்டாலும் கேட்காது. ‘ரசீது’ என்று எழுதினால் ‘ரசீதை’, ‘ரசீதில்’, ‘ரசீதுடன்’ எல்லாம் நழுவும். வேற்றுமை உருபு நம்மைக் கைவிடும் இடம் இது. வரக்கூடிய வடிவங்களை ‘ஆர்’ போட்டு அடுக்க வேண்டியதுதான். அதைவிட, தமிழில் மெயில் அனுப்பும் சங்கமோ பள்ளியோ எந்த முகவரியிலிருந்து அனுப்புகிறது என்று பிடிப்பது சுலபம். (அனுப்புநர் முகவரி பலவீனமான பிடி என்று முந்தாநாள் எழுதியது நான்தான். சிறிய இடங்கள் அடிக்கடி முகவரி மாற்றுவதில்லை, இங்கே அது பரவாயில்லை.)

லேபிள் வரிசையைக் கையால் இழுத்து மாற்ற முடியாது, பெயர் வரிசைதான். மேலே நிற்க வேண்டியதற்கு முன்னால் எண் போடுங்கள்: ‘1 செய்ய’, ‘2 காத்திருப்பு’. மற்றவற்றை ‘ஷோ இஃப் அன்ரெட்’ ஆக்கிவிட்டால் இடப்பக்கம் சுத்தமாக இருக்கும். பெயரை மாற்றினாலும் ஃபில்டர் அறுந்துபோகாது.

நவம்பர் 12, காலை 7:35

மெயிலைத் தண்டர்பேர்டு, ஆப்பிள் மெயில் வழியாகப் படிப்பவர்களுக்கு: ஐமேப்பில் (இந்த ஆப்கள் ஜிமெயிலோடு இணையும் முறை) ஒவ்வொரு லேபிளும் ஒரு ஃபோல்டராகத் தெரியும். மூன்று லேபிள் இருந்தால் ஒரே மெயில் மூன்று ஃபோல்டரில், ‘ஆல் மெயில்’ சேர்த்தால் நாலில். செட்டிங்ஸில் லேபிள்ஸ் தாவலில் ஒவ்வொன்றுக்கும் ‘ஷோ இன் ஐமேப்’ என்று கட்டம் உண்டு. வேண்டாததற்கு டிக்கை எடுங்கள்.

நவம்பர் 13, இரவு 8:40

செட்டிங்ஸில் ‘ஃபில்டர்ஸ் அண்ட் பிளாக்டு அட்ரசஸ்’ தாவலில் இன்னும் ஒரு வேலை. உங்கள் ஃபில்டர் பட்டியலை மேலிருந்து கீழே ஒரு தடவை படியுங்கள். நீங்கள் போடாத ஃபில்டர் இருக்கிறதா? குறிப்பாக வேறு முகவரிக்கு ஃபார்வர்டு செய்வது, அல்லது ‘பாஸ்வேர்டு’, ‘செக்யூரிட்டி’ போன்ற சொல் வந்தால் அழிப்பது. கணக்குக்குள் புகுந்தவன் முதலில் செய்யும் வேலைகளில் இது ஒன்று. பாஸ்வேர்டை மாற்றினாலும் ஃபில்டர் அப்படியே இருக்கும், மெயில் அவனுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ‘ஃபார்வர்டிங் அண்ட் பாப் ஐமேப்’ தாவலையும் பாருங்கள்.

சரியாக இருந்தால் எல்லா ஃபில்டரையும் டிக் செய்து ‘எக்ஸ்போர்ட்’. ஒரு சின்ன எக்ஸ்எம்எல் ஃபைல் இறங்கும். புதுக் கணக்கு தொடங்கினால் அதை ‘இம்போர்ட்’ செய்தால் போதும். லேபிள் இல்லாவிட்டால் அதையும் உருவாக்கிக்கொள்ளும்.

நவம்பர் 15, காலை 9:05 (கேட்டவர்)

இப்போ மொத்தம் நாலு ஃபில்டர், அஞ்சு லேபிள். கார்டு பில் மட்டும் ஸ்பாம்ல விழுது. லேபிள் ஒட்டியிருக்கு, ஆனா ஸ்பாம்ல இருக்கு. இது எப்படி?

நவம்பர் 15, காலை 9:30

இரண்டும் தனித்தனி முடிவு. ஃபில்டர் தன் வேலையைச் செய்தது, ஸ்பாம் வடிகட்டியும் தன் வேலையைச் செய்தது. முதலில் ‘சைன்டு பை’ பாருங்கள். சரியாக இருந்தால் ‘நாட் ஸ்பாம்’ அழுத்துங்கள். திரும்பவும் விழுந்தால், அந்த பில் வரும் முழு முகவரியை எழுதி, வேறு எந்த வேலையும் கொடுக்காமல் ‘நெவர் செண்ட் இட் டு ஸ்பாம்’ மட்டும் டிக் செய்த ஐந்தாவது ஃபில்டர். ‘சைன்டு பை’ வேறு எதையோ காட்டினால் மெயிலில் உள்ள எந்தச் சுட்டியையும் தொடாதீர்கள். பில் தொகையை வங்கியின் ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் 15, மாலை 6:20 (கேட்டவர்)

கையெழுத்து சரியா இருந்தது, அஞ்சாவதும் போட்டாச்சு. கடைசியா ஒண்ணு: பழைய ‘மற்றவை’ லேபிள்ல 4,000 மெயில் இருக்கு. லேபிளை அழிச்சா மெயிலும் போயிடுமா?

நவம்பர் 15, மாலை 6:35

போகாது. பெயர்ச் சீட்டுதான் கிழியும், 4,000மும் ‘ஆல் மெயில்’லில் இருக்கும். லேபிள் பெயருக்குப் பக்கத்து மூன்று புள்ளியில் உள்ள ‘ரிமூவ் லேபிள்’தான் அது. உள்ளே போய் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துக் குப்பைத்தொட்டிச் சின்னத்தை அழுத்தினால் மெயில் போய்விடும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அந்த லேபிளை ஒட்டும் பழைய ஃபில்டர் எங்காவது இருந்தால் அதை முதலில் எடுத்துவிடுங்கள்.